மகள் வீட்டுக்குப் போகிறேன், மலையில் ஓடலாமா?

ஓட்டம்: வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக் காலம் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. முழங்கால் வலியும் காலணி அளவும் பின்னுக்குப் போய், விமானச் சீட்டும் உறவினர் வீடும் முன்னுக்கு வருகின்றன. சொந்தங்களைப் பார்க்கப் போகிற ஊரில் டிரெயில் மாரத்தான், அதாவது மலைப்பாதை மாரத்தான், ஓடுவதைப் பற்றி வந்த ஐந்து கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

எனக்கு வயது 54. சாலையில் நான்கு மாரத்தான் ஓடியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு வாரம் போகிறேன். நான் போய்ச் சேரும் எட்டாவது நாளில், கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே மரின் ஹெட்லாண்ட்ஸ் மலைகளில் நடக்கும் டிரெயில் மாரத்தானுக்கு மகள் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். மொத்த ஏற்றம் 1500 மீட்டர் என்று போட்டிருக்கிறது. என்னால் முடியுமா? எப்படித் தயாராவது?
வாசகி, கோவை

முடியும். ஆனால் அந்த எட்டாம் நாளை மட்டும் மாற்றிவிடுங்கள். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பெரும்பாலான வார இறுதிகளில் எங்காவது ஒரு டிரெயில் ஓட்டம் நடந்துகொண்டிருக்கும் என்பதால், நீங்கள் தங்கும் ஆறு வாரங்களில் நான்காவது வாரத்தை ஒட்டி வரும் ஓட்டம் ஒன்றை மகள் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்காது. கட்டிய பணத்தில் கொஞ்சம் போனாலும் போகட்டும்.

செப்டம்பரில் நமக்கும் கலிஃபோர்னியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஏழு மணிக்கு ஓட்டம் தொடங்கும்போது, கோவையில் விட்டுவந்த உங்கள் உடம்பின் கடிகாரம் இரவு ஏழரை மணி என்று சொல்லிக்கொண்டிருக்கும். உடம்பு புதிய நேரத்துக்குப் பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் எட்டாம் நாள் நீங்கள் இன்னும் பாதிவழியில்தான் இருப்பீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, மகள் வீட்டுச் சமையலறையில் விளக்கைப் போடாமல் சத்தமில்லாமல் பாத்திரம் துலக்கும் அம்மாக்கள் பலரை எனக்குத் தெரியும். அந்த முதல் பத்து நாட்களில் பகல் வெளிச்சத்தில் நடங்கள், மாலையில் எவ்வளவு கண்ணைச் சொருகினாலும் எட்டு மணிக்கு முன் படுக்காதீர்கள், ஓட்டத்தை எளிதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எவ்வளவு நேரம் ஆகும் என்பது. சாலை மாரத்தான் ஓடியவர்கள் மலைப்பாதையில் செய்யும் முதல் தவறு 42 கிலோமீட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு போவது. மலையில் கிலோமீட்டருக்கு மதிப்பில்லை; மணிக்குத்தான் மதிப்பு. ஐரோப்பிய மலையோட்டக்காரர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் சமதரையில் ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் 42 கிலோமீட்டருடன் 1500 மீட்டர் ஏற்றத்துக்காக 15 சேர்த்தால் 57. சாலையில் உங்களுக்குக் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடச் சொச்சம் ஆகிறது. அந்த வேகத்தில் 57 கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் மணி நேரம். கல்லும் புழுதியுமான பாதையில் கால் பார்த்து வைப்பதையும், உணவு மேசைகளில் நிற்பதையும், கடைசி பத்து கிலோமீட்டரின் களைப்பையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஓட்டத்தின் கட்-ஆஃப், அதாவது அதற்குமேல் போனால் ஓட்டத்திலிருந்து எடுத்துவிடும் கடைசி நேரம், இதைவிடக் குறைந்தது ஒரு மணி நேரமாவது கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெயர் கொடுங்கள். இடையிலுள்ள உணவு நிலையங்களுக்கும் தனித்தனியாகக் கட்-ஆஃப் இருக்கும், அவற்றையும் படியுங்கள்.

தயாரிப்பில் ஏற்றத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஏற்றத்தில் எல்லோரும் நடக்கிறார்கள். முதல் வரிசையில் போகிறவர்கள்கூடச் செங்குத்தான இடத்தில் முழங்காலில் கைவைத்து நடக்கத்தான் செய்கிறார்கள். உங்களைப் படுத்தப் போவது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தையும் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, அதில்தான் தசையிழை மிகுதியாகச் சேதமாகிறது. நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்துடன் செய்யக் கற்றுக்கொள்கிறது. கோவையில் இருக்கும் உங்களுக்கு மருதமலைப் படிகள் இருக்கின்றன. 800-க்கும் மேற்பட்ட அந்தப் படிகளில் வாரம் ஒருமுறை இரண்டு தடவை ஏறி, மூன்றாவது தடவை முடியாது என்று தோன்றும் நேரத்தில் மெதுவாக, சின்னச் சின்ன அடியாக இறங்கிப் பழகுங்கள். வெள்ளியங்கிரி ஏறியிருந்தால், ஏழாவது மலையிலிருந்து திரும்பி வரும்போது அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடி முழங்காலுக்கு என்ன செய்தது என்று நினைவிருக்கும். டிரெயில் ஓட்டங்களில் கையில் பிடிக்கும் மடக்குக் கோல் செய்வதும் அதையேதான். அதை அனுமதிக்காத ஓட்டங்களும் உண்டு என்பதால் விதிகளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெள்ளியங்கிரியில் மலையேறும்போதே மயங்கி விழுந்து இறந்தவர்களைப் பற்றிய செய்தியை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். 54 வயதில் இந்தப் பயிற்சியைத் தொடங்கும் முன் இதய மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃப்ரீமாண்டில் இறங்கிய பிறகு உங்களுக்கு ஒரு வாய்ப்பு காத்திருக்கிறது. ஊரின் தலைக்குமேல் நிற்கும் மிஷன் பீக் மலையின் உயரம் 767 மீட்டர். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கத்திலிருந்து ஏறினால் ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் 600 மீட்டருக்கு மேல் ஏறிவிடலாம். உச்சியில் நட்டிருக்கும் இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வரிசை நிற்கும். அந்த வரிசையில் தமிழ் கேட்டாலும் வியப்பில்லை. பாதையில் நிழல் என்பது கிடையாது, மாடுகள் குறுக்கே படுத்திருக்கும். காலையில் போய்விடுங்கள். ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரே நாளில் இருமுறை அந்த மலையை ஏறி இறங்கினால், உங்கள் தொடைக்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை. பேரனோ பேத்தியோ நடக்கிற வயதென்றால் முதல் ஏற்றத்தைக் குடும்பத்தோடும் இரண்டாவதைத் தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய ஓட்டமும் மரின் ஹெட்லாண்ட்ஸிலேயே அமைந்தால், ஓட்ட நாளுக்கு ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் பயணம். தொடக்க இடம் ரோடியோ கடற்கரைப் பக்கம் என்றால், வழியில் ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பழைய சுரங்கப்பாதை வரும். அதன் விளக்கு சிவப்பானால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அதனாலேயே அதற்கு ஐந்து நிமிடச் சுரங்கம் என்று பெயர். அங்கே நின்றுகொண்டு மகளிடம் எரிந்து விழாமலிருக்கச் சற்று முன்னதாகவே கிளம்புங்கள். மலைகளுக்குள் பெரும்பாலான இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. ஆகவே 'முடித்ததும் கூப்பிடுகிறேன்' என்ற பேச்சு உதவாது. ஏழரை மணி நேரம் என்று சொல்லி, எட்டு மணி நேரம் கழித்துக் கவலைப்பட்டால் போதும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். காத்திருக்கும் குழந்தைகளுக்கு அந்தக் கடற்கரையின் சிவப்பும் பச்சையுமான கூழாங்கற்கள் போதும். பார்க்கலாம், பொறுக்கிக்கொண்டு வரக்கூடாது, அது தேசியப் பூங்கா நிலம்.

பாதையோரத்தில் மூன்று மூன்று இலையாக, இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவந்து நிற்கும் பாய்சன் ஓக் என்ற செடியைத் தொடாதீர்கள். நம் ஊரில் சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிப் புண்ணாகிறதோ அதே வகை வேலையை இதுவும் செய்யும். இரண்டும் மாமரக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அதன் எண்ணெய் துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டு சோஃபா வரை வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையைத் தூக்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, ஓடிய துணியைத் தனியாகத் துவைத்துவிடுங்கள். காலணி மண்ணையும் மலையிலேயே தட்டித் துடைத்துவிட்டு வாருங்கள்; அந்த வட்டாரத்தின் ஓக் மரங்களைக் கொல்லும் ஒரு நுண்ணுயிர், ஈர மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது.

இன்னொன்று. டிரெயில் ஓட்டத்தில் வழி காட்டுவது செடிகளில் கட்டிய நாடாக்கள்தான்; ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு நிறம். தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது நான் ஓடிய முதல் மலையோட்டத்தில், முன்னால் போனவரின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓடி, வேறொரு தூரத்துக்கான நாடாவைப் பின்பற்றி, ஏழு கிலோமீட்டர் வீணாக ஓடித் திரும்பினேன். பகல் ஒரு மணிச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னவன் நான்கரை மணிக்கு வந்தேன். தம்பி மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போன சாம்பாரை மறுபடி சூடு பண்ணிய விதத்தில் எல்லாம் இருந்தது.

செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் இருக்கும் என் அண்ணா வீட்டுக்கு இரண்டு கிழமை போகிறோம். பத்து வருடத்துக்குப் பிறகு நான் அண்ணாவைப் பார்க்கப் போகிறேன். என் கணவர் அதற்குள் யுங்ஃப்ராவ் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். நானும் ஒன்பது வயது மகனும் அன்று முழுவதும் எங்கே நிற்பது? இது யாருடைய பயணம் என்று எனக்குக் கோபமாக இருக்கிறது.
வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் கோபம் நியாயமானது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் நிற்பதற்கான இடத்தைச் சொல்கிறேன், ஏனெனில் காத்திருப்பவர்களுக்கு இத்தனை வசதியான மலையோட்டம் உலகில் குறைவு.

1993 முதல் நடந்துவரும் இந்த ஓட்டம் இன்டர்லாக்கன் ஊரில், கடல்மட்டத்திலிருந்து 570 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் தொடங்கி, இப்போது 2320 மீட்டர் உயரத்தில், ஐகர் சிகரத்தின் காலடியில் இருக்கும் ஐகர்கிளெட்ஷர் ரயில் நிலையத்தருகே முடிகிறது. பாதி தூரம் வரை பெரும்பாலும் சமமான பாதை. அதனால் இதை முழு டிரெயில் ஓட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு வெங்கன் ஊருக்குத் திரும்பும் இடத்தில்தான் மலை எழுந்து நிற்கிறது. வளைந்து வளைந்து போகும் அந்த ஏற்றத்தில் ஓடுகிறவர்களைக் காண்பது அரிது. கடைசியில் பனியாறு தள்ளிக் குவித்த கற்குவியலின் முதுகில், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும்.

உங்களுக்கு ரயில் இருக்கிறது. பேர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தொடக்கத்தைப் பார்த்துவிட்டு லவுட்டர்புருன்னனுக்கு ரயிலேறினால் அங்கே அவரைப் பார்க்கலாம். 300 மீட்டர் உயரத்திலிருந்து பாறையை ஒட்டி விழும் ஸ்டாவ்பாக் அருவி ஊருக்குள்ளிருந்தே தெரியும், மகனுக்கு அது போதும். பிறகு பற்சக்கர ரயிலில் கார்களே இல்லாத வெங்கன் ஊருக்குப் போய், அங்கே இன்னொரு முறை. அவர் அதற்குமேல் ஏறி முடிப்பதற்குள் நீங்கள் மேலே போய்விடலாம். ஓட்ட நாளில் ரயிலில் கூட்டம் இருக்கும், மேலே செப்டம்பரிலும் குளிரும். மகனுக்குத் தடித்த மேலாடையும், கணவருக்கு ஒரு மாற்று உடுப்பும் உங்கள் பையில் இருக்கட்டும். அண்ணாவையும் வரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அண்ணாவோடு மலை ரயிலில் ஒரு நாள் முழுவதும் பேசிக்கொண்டு போவது, அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதை விட மோசமில்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். மலையோட்டம் எடுத்துக்கொள்வது ஓட்ட நாளை மட்டுமல்ல. அதற்கு முந்தின இரண்டு நாள் 'கால் வலிக்கும், நகரசபைச் சந்தைக்கு நீங்கள் போய் வாருங்கள்' என்பார். முந்தின இரவு எட்டரைக்குப் படுத்துவிடுவார். அடுத்த இரண்டு நாள் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்குவார். புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில் ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் ஒவ்வொரு இரவும் ஒரு சொந்தக்காரர் விருந்துக்கு அழைப்பார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, இந்த ஓட்டத்துக்காக இரண்டு கிழமையில் எத்தனை மணி நேரம் எடுக்கப் போகிறார் என்று எழுதச் சொல்லுங்கள். நான் போட்டுப் பார்த்த கணக்கில் முப்பது மணிக்குக் குறையாது. அதே அளவு நேரம் மகனைத் தனியாக அவர் பார்த்துக்கொண்டு, உங்களையும் அண்ணாவையும் உங்கள் பாட்டுக்கு விடட்டும். ஓடுகிறவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். எழுதிக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். பயணம் தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள், பதக்கம் கழுத்தில் விழுந்த பிறகு யாருக்கும் கணக்கு நினைவிருக்காது.

சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். மார்ச் முதல் வாரம் தங்கை கல்யாணத்துக்குப் போடிநாயக்கனூர் வருகிறேன். ஏப்ரலில் எனக்கு ஒரு டிரெயில் மாரத்தான் இருப்பதால், குரங்கணியிலிருந்து மேலே டாப் ஸ்டேஷன் வரை ஏறி இறங்கி, தனியாக நீண்ட ஓட்டம் ஒன்று போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சிறு வயதில் போன பாதைதான். ஏதாவது கவனிக்க வேண்டுமா?
வாசகர், சிங்கப்பூர்

போகாதீர்கள்.

2018 மார்ச் 11 அன்று அதே மலையில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அன்றும் அதற்குப் பின் மருத்துவமனையிலுமாக 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள், உடல்வலிமை உள்ளவர்கள். நீங்கள் வருவதும் அதே மாதம். மார்ச்சில் அந்தச் சரிவுகளின் போதைப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நிற்கும். தீ சரிவில் மேல்நோக்கிப் போகும்போது மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு போவதால் சமதரையை விடப் பல மடங்கு வேகமெடுக்கிறது. ஏற்றத்தில் அதை முந்தி ஓடும் கால் யாருக்கும் இல்லை, நீங்கள் எத்தனை மாரத்தான் ஓடியிருந்தாலும். வனத்துறை கோடைக்குமுன் காட்டுப் பாதைகளை மூடுவது இதற்காகத்தான். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம் என்பது தனி. சிறு வயதில் போன பாதை என்பது ஒரு தகுதியே அல்ல. பாதைகள் மாறுகின்றன, யானை வரும் வழிகளும் மாறுகின்றன.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் இணையத்தில் முன்பதிவு செய்து உள்ளூர் வழிகாட்டியோடு போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. தீக் காலம் முடிந்து, பாதை திறந்திருக்கும் மாதத்தில் இன்னொரு முறை வரும்போது அதில் போங்கள். ஓட விட மாட்டார்கள், வேகமாக நடக்கலாம். ஏற்றப் பயிற்சிக்கு அது போதும். யாராவது நம் மலைகளில் டிரெயில் ஓட்டம் நடத்துவதாக விளம்பரம் செய்தால், வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

போடிமெட்டு மலைச்சாலையில் ஓடலாமே என்று நினைப்பீர்கள். விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும் வேகத்தை ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணமும் போய்விடும். கல்யாண வாரத்தில் உங்களுக்கு மாடிப்படியும், விடியலில் ஊருக்கு வெளியே வயற்காட்டு மண்சாலையும் போதும். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் ஓடினால் பிடித்துவைத்த தகுதி எங்கும் போய்விடாது. பெண்ணின் அண்ணன் என்ற முறையில் மண்டபத்தில் உங்களுக்கு நின்றுகொண்டே செய்யும் வேலை நாள் முழுவதும் இருக்கும். அதுவும் காலுக்குப் பயிற்சிதான்.

டிசம்பரில் அமெரிக்காவில் உள்ள மகன் வீட்டிலிருந்து ஒரு டிரெயில் ஓட்டம் போகிறேன். வழியில் என்ன சாப்பிடக் கிடைக்கும்? கடலைமிட்டாயும் புளியோதரையும் கொண்டுபோகலாமா? தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்?
வாசகர், மதுரை

அமெரிக்க டிரெயில் ஓட்டங்களின் உணவு மேசை, சாலை மாரத்தானில் நாம் காணும் தண்ணீர் மேசையைப் போல் இருக்காது. வேகவைத்து வெட்டிய உருளைக்கிழங்கும் பக்கத்தில் ஒரு கிண்ணம் உப்பும் இருக்கும். தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். தர்பூசணி, ஆரஞ்சுச் சுளை, ஊறுகாய் வெள்ளரி, வேர்க்கடலைப் பசை தடவிய ரொட்டித் துண்டு, வாயு போன கோலா ஆகியவையும் வழக்கமாக இருக்கும். காகிதக் கோப்பை தராத ஓட்டங்கள் இப்போது பல. மடித்துப் பையில் வைக்கும் சிறு கோப்பை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலைமிட்டாய் சுங்கச் சோதனையைத் தாண்டிவிடும். ஆனால் உணவுப் பொருள் இருக்கிறது என்று படிவத்திலோ அதிகாரியிடமோ சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பிடிபட்டால்தான் அபராதம். பழம், விதை, செடி எதையும் எடுத்துப் போகாதீர்கள். ஓடும்போது கடலைமிட்டாய் எனக்குச் சரிப்படவில்லை. மேல்மூச்சு வாங்கும்போது அதைக் கடித்து மென்று விழுங்குவதற்குள் புரையேறுகிறது. புளியோதரை வேறு கதை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான அளவு. 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் இருக்கிறது, அதோடு உப்பும் புளிப்பும் சேர்கின்றன. குழைய வடித்த சோற்றில் எண்ணெயைக் குறைத்துக் கலந்து, கடலைப்பருப்பையும் மிளகாயையும் பொறுக்கி எடுத்துவிட்டு, எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மெழுகுத்தாளில் சுற்றி வையுங்கள். காலை நான்கு மணிக்கு மகன் வீட்டில் தாளித்து வீட்டையே எழுப்ப வேண்டாம். முந்தின மாலையே கலந்துவிட்டால் ஊறியும் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம், எங்கே பார்த்தாலும் ஒரு டம்ளர் குடித்துவிடுவது. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுகிறவர்களுக்கு இது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தின் உப்புச்சத்தான சோடியம் தேவையான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் அது மிகுதியாக இருந்தது. தாகம் எடுத்தால் குடியுங்கள். மோதிரம் இறுகி, விரல்கள் வீங்கி, தலைவலியும் குமட்டலும் சேர்ந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு அடுத்த நிலையத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

சுற்றுலா விசாவில் போய் வெளிநாட்டில் மாரத்தான் ஓடலாமா? மருத்துவச் சான்றிதழ் கேட்பார்களா? காப்பீடு போதுமா?
வாசகி, சென்னை

அமெரிக்காவின் பி-2 என்ற சுற்றுலா விசாவில், பணம் எதுவும் வாங்காமல் பொழுதுபோக்காக விளையாட்டு நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள அனுமதி உண்டு. மருத்துவச் சான்றிதழ் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பொதுவாகக் கேட்பதில்லை, பொறுப்பு என்னுடையது என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு சரி. இத்தாலியில் மாரத்தான் தூரத்துக்குச் சான்றிதழ் கண்டிப்பாகக் கேட்பார்கள், மருத்துவர் எதையெல்லாம் சோதித்தார் என்பது வரை அதில் இருக்க வேண்டும். பிரான்ஸில் இப்போது வயது வந்தவர்கள் இணையத்தில் ஒரு விழிப்புணர்வுப் பாடத்தை முடித்துப் பெறும் சான்றைக் கேட்கிறார்கள். பயணக் காப்பீட்டில், சிறிய எழுத்தில் இருக்கும் விலக்குகளைப் படியுங்கள். போட்டி விளையாட்டும் மலை நடவடிக்கையும் விலக்கப்பட்டிருந்தால், கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு அதில் அடங்குகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெயர் கொடுக்கும் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஓர் எண் கேட்பார்கள். பழக்கத்தில் சென்னையில் இருக்கும் கணவரின் எண்ணை எழுதிவிடாதீர்கள். நீங்கள் மலையில் கால் பிசகி உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு இங்கே நள்ளிரவாக இருக்கும். அந்த ஊரில், கையில் காரோடு இருக்கும் உறவினரின் எண்ணை எழுதுங்கள். எழுதியிருப்பதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.